கிடங்கில் சேரும் கணக்கும் அதைக் காப்போரின் பொறுப்பும்

(ஜமாஅத் மாணவர் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் பணியாற்றி வருகின்றனர். என்ன வேலை என்று வினவினால், "டேட்டா வேர்ஹவுஸ்", "பிசினஸ் இன்டெலிஜென்ஸ்" என்று விடை வருகிறது. பெற்றோர் புரிந்தது போல் தலையசைத்துவிடுகின்றனர். பிள்ளை செய்யும் தொழில் யாது, அதில் அவன் சுமக்கும் பொறுப்பு யாது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

பேரேடு அறிந்த நமக்கு இது புதிதன்று

கடையில் அன்றாடம் நடப்பதைச் சிட்டையில் எழுதுகிறோம். பின்னர் அதனை ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுகிறோம். சிட்டை அன்றைய வேலைக்கு உதவும். பல்லாண்டு நிலையை அறியப் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும். தரவுக் கிடங்கு என்பது பெருநிறுவனங்களின் பேரேடு ஆகும். அதிலிருந்து வினாக்களுக்கு விடை காணும் கலையே வணிக நுண்ணறிவு.

1958 ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்னும் பெயரில் ஓர் ஆய்வுரை எழுதினார். 1992 இல் பில் இன்மான் வெளியிட்ட நூல் தரவுக் கிடங்கிற்கு இலக்கணம் வகுத்தது. பொருள்வாரியாக அமைதல், பல இடத்துக் கணக்குகள் ஒன்றிணைதல், காலம் குறிக்கப்படுதல், ஏற்றியது மாறாது நிலைத்தல் ஆகிய நான்கும் அதன் பண்புகள். 1996 இல் ரால்ஃப் கிம்பால் தம் நூலில் நட்சத்திர வடிவ அமைப்பை விளக்கினார். நடுவே விற்பனை எண்கள். சுற்றிலும் நாள், சரக்கு, கடை, வாடிக்கையாளர் என்னும் விவரங்கள்.

இதன் பயனுக்குச் சான்று ஒன்று. 2004 இல் அமெரிக்காவின் புளோரிடாவை நோக்கி ஃபிரான்சஸ் சூறாவளி வந்தபோது, சில வாரங்களுக்கு முன் வீசிய சார்லி சூறாவளியின்போது எப்பொருள்கள் விற்றன என்று வால்மார்ட் நிறுவனம் தன் கிடங்கில் தேடியது. ஸ்ட்ராபெர்ரி சுவையுள்ள ஒரு தின்பண்டம் வழக்கத்தைப் போல் ஏழு மடங்கு விற்றிருந்தது தெரியவந்தது. அதன்படி சரக்குகள் முன்கூட்டியே அனுப்பப்பட்டன.

வேலையின் நடைமுறை

இத்துறையினரின் உழைப்பில் பெரும்பங்கு மூன்று செயல்களில் கழிகிறது: பல கணினிகளிலிருந்து கணக்கை எடுத்தல், ஒரே அளவைக்கு மாற்றுதல், கிடங்கில் ஏற்றுதல். ஒரு கிளை கிலோவிலும் மற்றொரு கிளை மூட்டையிலும் எழுதினால் கூட்டுத்தொகைக்குப் பொருள் உண்டா? திரும்பி வந்த சரக்கு விற்பனையில் சேருமா, கழியுமா? இவற்றையெல்லாம் உரியோரிடம் கேட்டுத் தெளிந்து, ஒரே விதியாக எழுதி வைக்க வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. நாகப்பட்டினத்தில் வாழ்ந்த வாடிக்கையாளர் சென்னைக்குக் குடிபெயர்கிறார் எனக் கொள்வோம். பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுதினால், அவர் நாகையில் வாங்கியவை அனைத்தும் சென்னையின் விற்பனையாகத் தோன்றும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் கடந்தகாலம் பொய்யாகிவிட்டது! ஆகவே பழைய வரியைக் காத்து, எந்நாள் முதல் எந்நாள் வரை என்று குறித்து, புதிய வரியைச் சேர்ப்பர்.

ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது, வழியில் எவ்வெக் கைகளில் மாறியது என்று பதிவதும் இத்தொழிலில் உண்டு. அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்த பின்னரே செய்தியை ஏற்கும் மரபில் பயின்ற நமக்கு, இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பிழையின் விலை

2020 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். கொரோனாப் பரிசோதனை முடிவுகளைத் திரட்டும்போது பழைய எக்செல் கோப்பு வடிவம் ஒன்று பயன்படுத்தப்பட்டது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிகுந்தவை ஓசையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் இடம்பெறவில்லை. அவர்களுக்குத் தம் பரிசோதனை முடிவு கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களோடு நெருங்கிப் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. வந்த வரிகள் எத்தனை, ஏறிய வரிகள் எத்தனை என்று ஒப்பிட்டிருந்தால் குறை உடனே வெளிப்பட்டிருக்கும். கடை அடைக்கும் வேளையில் கல்லாவைச் சரிபார்க்கும் பழக்கம்தான் அது!

மாணவர்களே!

இத்துறையை விரும்புவோர் எஸ்.க்யூ.எல். மொழியை ஐயமறக் கற்க வேண்டும். கணக்குப் பதிவியலும் வணிக நடைமுறையும் அறிய வேண்டும். பவர் பி.ஐ., டேப்லோ போன்ற கருவிகள் பின்னர் எளிதாகக் கைவரும். செயற்கை நுண்ணறிவு இன்று வினவல்களைத் தானே எழுதித் தருகிறது. ஆயினும் ஒரு நிறுவனத்தில் "விற்பனை" என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டுத் தெளிந்து, விடைக்குப் பொறுப்பேற்க மனிதர் வேண்டும்.

கிடங்கில் மக்களின் நோய், கடன், முகவரி, கைப்பேசி எண் யாவும் அமானிதமாக இருக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நம் நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் பார்க்காத இடத்திலும் கை கூச வேண்டும். உறவினரின் கணக்கு என்றாலும், பணிக்குத் தேவையின்றித் திறந்து பார்க்கலாகாது.

மேலதிகாரி ஒருநாள், "இந்த எண் நன்றாக இல்லை, மாற்றித் தாருங்கள்" என்று கூறக்கூடும். அந்நாளில் எண் வந்த வழியைக் காட்டி, பணிவோடும் உறுதியோடும் மறுத்துரையுங்கள். அந்த எண்ணை நம்பியே ஒரு கிளை மூடப்படலாம். பலர் வேலை இழக்கலாம். அவர்கள் உங்கள் முகத்தைக் கண்டதில்லை; உங்கள் கணக்கையே நம்பியிருக்கின்றனர்.

பெற்றோர்களே! இனி உங்கள் பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "இன்று ஏற்றிய கணக்கைச் சரிபார்த்தாயா?" என்றும் கேளுங்கள்.

நம் இளைஞர்கள் நேர்மைக்குப் பெயர் பெற்றவர்களாகத் திகழ வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.