பெயரை நம்பாத நூலகம்



ஒரு வழக்கில் கணினி ஒன்றைக் கைப்பற்றியிருக்கிறார்கள். உள்ளே சில லட்சம் கோப்புகள். பெரும்பாலானவை விண்டோஸோடும் மற்ற மென்பொருள்களோடும் வந்து இறங்கியவை, எல்லார் கணினியிலும் இருப்பவை. வழக்குக்கு வேண்டிய ஒரே ஒரு கடிதம் அந்தக் குவியலில் எங்கோ கிடக்கிறது. பெயரைப் பார்த்துக் கழித்துவிடலாமா? கூடாது. பெயரை யாரும் நொடியில் மாற்றிவிடலாம்.

இதற்கென்றே அமெரிக்காவின் நிஸ்ட் என்னும் தரநிர்ணய நிறுவனம் தேசிய மென்பொருள் நூலகம் ஒன்றை நடத்துகிறது. மென்பொருள்களைச் சேகரித்து, பிரித்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஹேஷ்' கணக்கிட்டுப் பதிந்துவைக்கிறார்கள். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. ஷா-256 என்ற முறையில் கணக்கிட்டால், கோப்பு சிறிதானாலும் பெரிதானாலும், எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் வரும். உள்ளே ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டால் போதும், அந்த 64 குறிகளின் வரிசை ஆளே மாறிப்போகும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள், ஒரு குறிகூட அசையாது.

புலனாய்வாளர் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தியவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் தேடுகிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியலில் இருப்பது 'தெரிந்த கோப்பு', அவ்வளவுதான். நல்ல கோப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. பிறர் கணினிக்குள் ஊடுருவ உதவும் கருவிகளும் அந்த நூலகத்தில் பதிவாகியிருக்கின்றன. கைரேகை ஆளைத்தான் காட்டும், குணத்தைக் காட்டாது.

ரேகை எடுக்கும் முறைக்கும் வயதாகும். எம்டி-5 முறையில் இரு வேறு தரவுகளுக்கு ஒரே ஹேஷ் வரவைக்கலாம் என்று 2004-இல் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுனின் குழு காட்டியது. ஷா-1 முறையும் 2017-இல் அப்படியே விழுந்தது. அதனால்தான் இன்று ஷா-256.

இது புலனாய்வாளருக்கு மட்டுமான சங்கதி இல்லை. 2016 பிப்ரவரி 20 அன்று, லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்தில் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பைக் களவுக்கதவு வைத்த வேறொரு கோப்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் மின்ட் குழுவினர் அசல் கோப்புகளின் ஹேஷ்களை வெளியிட்டு, கையிலிருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பொருந்தவில்லையா, கோப்பை அழித்துவிடுங்கள், டிவிடியில் பதிந்திருந்தால் அந்த வட்டையும் குப்பையில் போடுங்கள் என்றார்கள்.