மோட்டுப்பள்ளி அபய சாசனம்: கருணையா, கணக்கா?

   

1. பழைய வழக்கு

மோட்டுப்பள்ளி இன்று ஆந்திரக் கடற்கரையில் ஒரு சிற்றூர். அங்குள்ள வீரபத்திரர் கோயில் தூணில், காகதீய மன்னன் கணபதிதேவன் சக ஆண்டு 1166இல், அதாவது கி.பி. 1244-45இல், பொறிக்கச் செய்த அபய சாசனத்தை இந்த அவையில் பலரும் அறிவீர்கள். கல்வெட்டறிஞர் ஹுல்ச் பதிப்பித்த நாளிலிருந்து அது மேற்கோளாகத் தேய்ந்துவருகிறது. அதன் பொருள் குறித்துத்தான் எனக்கும் நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு.

நண்பர்கள் இரு கட்சியினர். மன்னனின் கருணையால் கடலோர ஊர் பட்டினமாயிற்று என்பது முதல் கட்சி. இவர்கள் கணபதிதேவனைச் சுங்கம் தவிர்த்த குலோத்துங்கனுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். வணிகக் குழுக்கள் ஏற்கெனவே சமைத்துவைத்த பட்டினத்துக்கு மன்னன் ஒப்பம் மட்டுமே இட்டான் என்பது இரண்டாம் கட்சி. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத் தொடங்கினால், கருத்தரங்குகளில் பதினைந்து நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை.

2. உடைந்த கப்பலின் சரக்கு யாருக்கு?

சாசனம் சொல்வது இது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் புறப்பட்ட கலங்கள் புயலில் சிக்கி, உடைந்து, கரை ஒதுங்கினால், அவற்றிலிருந்த பொன், யானை, குதிரை, மணி முதலியவற்றை முந்தைய அரசர்கள் பலவந்தமாக எடுத்துக்கொண்டார்கள். நாமோ இரக்கத்தாலும், புகழையும் அறத்தையும் கருதியும், உயிரைவிடப் பொருளைப் பெரிதென எண்ணிக் கடலில் இறங்கிய வணிகர்க்கு, வரையறுத்த சுங்கம் நீங்கலாக மற்றனைத்தையும் விட்டுக்கொடுக்கிறோம். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. பிறகு சந்தனம், கற்பூரம், சீனக் கற்பூரம், முத்து, பன்னீர், தந்தம், புனுகு, செம்பு, பவளம், பட்டு, மிளகு, பாக்கு எனப் பொருள்வாரியாக வீதம் வருகிறது.

முதல் கட்சியார் இரக்கம் என்ற இடத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். இரக்கமும் புகழும் அறமும் எந்தச் சாசனத்திலும் வரும். வேலை செய்யும் பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது. மன்னன் சுங்கத்தைத் தவிர்க்கவில்லை, வரையறுத்தான். சீனக் கற்பூரத்துக்கு வீதம் எழுதப்பட்டிருப்பதால் அந்தச் சரக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது என்றே கொள்ள வேண்டும். வராத சரக்குக்கு எந்த அதிகாரியும் விலைப்பட்டியல் எழுதமாட்டான்.

அப்படியானால் இரண்டாம் கட்சிதான் வென்றதா? இல்லை. அந்தக் கரையை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணைக் கழிமுகத்துக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் மணற்கரை. கப்பலை அணைக்கும் குடா இல்லை. கப்பல் கடலில் நங்கூரமிடும். சரக்கைப் படகில் இறக்கி அலைவாயைக் கடத்திக் கரை சேர்ப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் புயல் அந்தக் கரையை என்ன பாடுபடுத்தும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பல் உடைவது அங்கே எதிர்பாரா நிகழ்ச்சி அன்று. வாணிபத்தின் கணக்கில் ஒரு செலவு. கரையமைப்பில் மோட்டுப்பள்ளிக்குத் தனிச்சிறப்பும் இல்லை. வடக்கிலும் தெற்கிலும் அதே மணல்தான். மாலுமி எந்தத் துறையைத் தேர்வான்? எங்கே தன் சரக்கு தனக்கே மிஞ்சுமோ அங்கே.

இனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கப்பல் சரக்கை முழுதாகப் பறித்தால் கிடைக்கும் பொருள், அதே மதிப்புள்ள முப்பது கப்பல் சரக்கு பத்திரமாக வந்திறங்கினால்தான் சுங்கமாகக் கிடைக்கும். கரையில் நிற்கும் அதிகாரிக்கு எது இனிக்கும்? தலைநகரோ உள்நாட்டில், ஓருகல்லில் இருக்கிறது. புயல் ஓய்ந்த மறுநாள் காலை மணலில் சிதறிக் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்து முடிவெடுப்பவன் மன்னன் அல்லன். ஆகவே சாசனம் வணிகனை நோக்கிப் பேசினாலும், அது கட்டுவது மன்னனின் சொந்த ஆட்களின் கையை. ஓலையில் எழுதி ஓருகல்லில் வைத்திருந்தால் இது நடக்காது. துறையிலேயே, கோயில் தூணிலேயே, கல்லில் பொறித்ததன் காரணம் இதுதான் என்பேன். சுங்கக்காரனிடம் வாதாடும் வணிகன் விரல் நீட்டிக் காட்ட ஒரு கல் வேண்டும்.

இரண்டாம் கட்சி நண்பர்களுக்கு இங்கேதான் என் கேள்வி. கரை ஒதுங்கிய சரக்கின் மீது உரிமை கொண்டாடியவர்கள் அரசர்கள். அவர்களுடைய உரிமையை எந்த வணிகக் குழு விட்டுக்கொடுக்க முடியும்?

இந்த ஒரே விதிக்கு இவ்வளவு பாரம் ஏற்றுகிறேனே என்பீர்கள். மேற்குக் கரையிலிருந்து இரண்டு சாட்சிகள். வேறிடம் போக வேண்டிய கப்பல் ஏழிமலைக் கரையில் ஒதுங்கினால், தெய்வமே உன்னை எங்களிடம் அனுப்பியது என்று சொல்லிச் சரக்கைப் பறித்துக்கொள்வார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. பதினான்காம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா, மலபாரில் உடைந்த கப்பலின் பொருள் கருவூலத்துக்குப் போகும், கோழிக்கோட்டில் மட்டும் உடையவரிடமே இருக்கும், அதனாலேயே அந்நகர் செழித்தது என்கிறார். காரணத்தையும் விளைவையும் ஒரு கடலோடியே சேர்த்துச் சொல்லிவிட்டபின் எனக்கு வேலை குறைவு.

கணபதிதேவனுக்கு இதில் ஆதாயம் தெளிவு. வேலநாட்டையும் திவித் தீவையும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வென்ற பிறகே உள்நாட்டு அரசு கடலைத் தொட்டது. படைக்குக் குதிரை கடல்வழி வர வேண்டும். மோட்டுப்பள்ளிக்குத் தேசியுய்யக்கொண்டபட்டினம் என்ற பெயரும் வழங்கியது. அதே நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ முத்பிலி என்று இதைக் குறித்து, வைரத்தையும் மெல்லிய பருத்தித் துணியையும் புகழ்கிறார். அவர் சொல்லும் அரசி, கணபதிதேவனின் மகள் ருத்திரமதேவி என்பது பொதுவான கருத்து. கப்பல்களை வரவழைத்தது சாசனம் அன்று. வந்தவற்றை மீண்டும் வரச் செய்தது அதுவே. ஊர் பட்டினமாவது அந்த மறுவரவில்தான்.

3. பிற்காலம்

1323இல் காகதீயர் வீழ்ந்தனர். 1358இல் கொண்டவீட்டு மன்னன் அனவோத ரெட்டி இதே ஊரில் மீண்டும் சாசனம் பொறிக்க வேண்டியிருந்தது. அரசு மாறியதும் வாக்கும் காலாவதியாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். புதிய சாசனம் குடியேற வருவோர்க்கு நிலமும், விரும்பியபோது வெளியேறும் உரிமையும் தருகிறது. முதலாவது கப்பலைப் பற்றியது, இரண்டாவது குடியைப் பற்றியது. இந்த வேறுபாடு தனிச் சொற்பொழிவுக்கு உரியது. 

4. இனிச் செய்ய வேண்டியவை

சாசனத்தின் பொருட்பட்டியலைத் தமிழகக் கடற்கரைச் சுங்கக் கல்வெட்டுகளோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கணபதிதேவனின் 1249ஆம் ஆண்டுக் கல்வெட்டு காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் இருக்கிறது. அவன் கை தெற்கே நீண்ட காலத்தில் இடைப்பட்ட துறைகளில் சுங்கம் என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். பழைய கடற்கரை எல்லையை நிலவியலார் வரைந்து தரட்டும். கோழிக்கோட்டோடு முறையான ஒப்பீடு தேவை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

கருணைக் கட்சி நண்பர்கள் மறுப்பு எழுதுவார்கள் என்று தெரியும். எழுதட்டும். முப்பதில் ஒரு பங்குக்கு முதலில் விடை சொல்லிவிட்டு எழுதட்டும்.