இலையிலிருந்து ஒரு செடி

தண்டிலிருந்து வெட்டிய போத்தில் தளிர்விடும் மொட்டு முன்பே அமைந்திருப்பதால், அதற்கு வேர் மட்டும் பிடித்தால் போதும். ஆனால் பெகோனியா, ஆப்பிரிக்க வயலட், ஸ்நேக் பிளான்ட் போன்ற அழகுச்செடிகளின் இலையை மட்டும் நடும்போது, வேரையும் குருத்தையும் அந்த இலையே புதிதாக உருவாக்க வேண்டியிருக்கிறது. இலை வேர்பிடிக்க இளநீர் போன்ற இயற்கைச் சாறுகளைப் பரிந்துரைப்போர் பலரும் கவனிக்கத் தவறுவது இந்த இரட்டை வேலையைத்தான்.

வேர் தோன்றுவதைத் தூண்டும் வளரூக்கி ஆக்சின் எனப்படும். ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியவர், 1920களில் ஆய்வு செய்த டச்சுத் தாவரவியலாளர் பிரிட்ஸ் வென்ட். குருத்தைத் தூண்டும் இன்னோர் ஊக்கி சைட்டோகைனின். இது மிகுந்தால் வேர்விடுதல் தடைப்படும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் இளநீரின் இயல்பு விளங்கும். 1941-இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருக்களை ஆய்வகத்தில் வளர்க்கத் தேங்காய்நீரைப் பயன்படுத்தியதிலிருந்து அது திசு வளர்ப்பில் இடம்பெற்று வருகிறது. அதில் ஆக்சினும் உண்டு. எனினும் சைட்டோகைனினும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால், நீர் கலக்காத இளநீரில் இலையை ஊறவைத்தால் வேருக்கு முன்னரே பூஞ்சணம் வந்துவிடக்கூடும். சைட்டோகைனின் வகைப்பட்ட சியாட்டினைக் கொண்ட முருங்கை இலைச்சாற்றையும், வேர் பிடித்தபின் குருத்துக்காக நீர்க்கத் தெளிப்பதே பொருத்தம்.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் வில்லோ மரத்தின் இளங்கிளைகளை நீரில் ஊறவைத்துப் பயன்படுத்துவர்; அந்நீரிலுள்ள சாலிசிலிக் அமிலம் முதலியவை ஆக்சினுக்குத் துணைநிற்பவையாகக் கருதப்படுகின்றன. சோற்றுக்கற்றாழைக் கூழ் வெட்டுவாயைக் காயாமல் காக்கிறது என்ற அளவிலேனும் பயன்தரும். எந்தச் சாறானாலும் ஊக்கியின் அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறுமாதலால், கடையில் விற்கும் வேரூக்கித் தூளின் சீர்மையை அதில் எதிர்பார்க்க இயலாது. அன்றன்று பிழிந்து, வடிகட்டி, நீர்க்கச் செய்து பயன்படுத்துவதே முறை.

இலையின் இயல்பை மாற்றும் ஆற்றலும் சாறுகளுக்கு இல்லை. ஸ்நேக் பிளான்ட் இலைத்துண்டைத் தலைகீழாக நட்டால் அது வேர்விடாது. மஞ்சள் ஓரமுடைய வகையின் இலைத்துண்டிலிருந்து வரும் கன்றோ வெறும் பச்சையாகவே அமையும். அந்த மஞ்சளைக் காக்க விரும்புவோர் கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும்.