கேட்பார் யார்?



தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோரி அடைத்துக்கொண்டது. தெரு விளக்கு எரியவில்லை. பெங்களூர் ஜனங்கள் முதலில் எங்கே போவார்கள்? கார்ப்பரேட்டர் வீட்டுக்குத்தான். எம்.பி. டெல்லிக்குப் போய்விடுவார். எம்.எல்.ஏ. விதான சௌதாவுக்குப் போய்விடுவார். கார்ப்பரேட்டர் வீடோ பக்கத்துத் தெருவில் இருக்கும். வேலைக்குப் போகும் முன்னே பார்த்துவிடலாம். அவர் செய்வாரோ, மாட்டாரோ? கோபப்பட்டுக் கேட்கவாவது ஓர் ஆள் உண்டு.

அந்த ஆளும் இல்லாமல் போனால்?

பெங்களூரில் அப்படித்தான் நடந்தது. 2015 ஆகஸ்டில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. 198 வார்டுகளுக்கு 198 பேர் வந்தார்கள். 2020 செப்டம்பர் 10ஆம் தேதி அவர்கள் பதவி முடிந்தது. 5 வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும். இது அரசியல் சட்டம் சொல்வது. 1993 முதல் இந்தச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் தேர்தல் நடக்கவில்லை.

ஏன்? வார்டுகள் எத்தனை என்பதில் வழக்கு. 6 வாரத்தில் தேர்தலை அறிவியுங்கள் என்று 2020 டிசம்பரில் ஹைகோர்ட் சொன்னது. அதே மாதம் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது. பிறகு 198 வார்டு 243 ஆனது. 243 வார்டு 225 ஆனது. 2025 செப்டம்பர் 2ஆம் தேதி மாநகராட்சியே 5 ஆகப் பிரிந்தது. கணக்கு மாறிக்கொண்டே இருந்தது. அந்த 5 வருஷமும் ஓட்டுப் பெட்டி வரவில்லை. மன்றம் இருந்த இடத்தில் அரசு நியமித்த அதிகாரி இருந்தார். இது புதிதும் அல்ல. 2006 முதல் 2010 வரையிலும் இப்படியே நடந்தது.

2024 கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றின. காசு உள்ளவர்கள் டேங்கர் லாரியை வரவழைத்தார்கள். கூலி வேலை செய்பவர்கள் என்ன செய்வார்கள்? குடத்தோடு நின்றால் கூலி போகும். ஆபீசுக்குப் போனாலும் கூலி போகும். "நாளைக்கு வா" என்றால் இரண்டு நாள் கூலி போகும். ஓட்டுக் கேட்டு வர வேண்டியவரிடம் ஒரு பயம் இருக்கும். மாற்றலாகிப் போகிற அதிகாரியிடம் அந்தப் பயம் இருக்குமா?

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. அதையும் பெங்களூரே காட்டியது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மார்க் கார்டு உண்டு அல்லவா? அதுபோல ஆபீசுகளுக்கு மார்க் போட்டால் என்ன? சாமுவேல் பால் என்ற பெரியவர் இப்படி நினைத்தார். 1993ல் அவருடைய குழு ஜனங்களிடம் போய்க் கேட்டது. குடிசைப் பகுதிகளிலும் கேட்டது. தண்ணீர் வருகிறதா? ஆபீசில் மரியாதையாகப் பேசுகிறார்களா? லஞ்சம் கேட்கிறார்களா? பதில்களைக் கூட்டி மார்க் போட்டார்கள். அது செய்தித்தாளில் வந்தது. வீட்டு மனை கொடுக்கும் வளர்ச்சி ஆணையத்துக்குத்தான் மிக மோசமான மார்க். அதன் வேலையில் முழுத் திருப்தி என்றவர்கள் 100க்கு ஒருவர்தான்!

உடனே எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. 1999ல் மறுபடி கேட்டார்கள். கொஞ்சம்தான் மாறியிருந்தது. 2003ல் மூன்றாம் முறை கேட்டார்கள். அப்போதுதான் நல்ல மாற்றம் தெரிந்தது. பத்து வருஷம் ஆயிற்று. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

ஒருவர் போய்க் கத்தினால் அது கோபம். நூறு பேர் சொன்னதை எழுதி வைத்தால் அது கணக்கு. கோபத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். கணக்கை அப்படி அனுப்ப முடியாது.

எழுத்துக் கற்றவர்களே, உங்கள் வேலை இங்கேதான் இருக்கிறது.

வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள். பெங்களூர் ஆபீசுகளில் கன்னடத்தில்தான் வேலை நடக்கிறது. கன்னடம் தெரிந்தவரை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். தெருவில் உள்ள எல்லோரும் போடுங்கள். தேதி போடுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நகலில் ஆபீஸ் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் வரவில்லையா? 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. "இந்தத் தேதியில் கொடுத்த மனு யாரிடம் இருக்கிறது? என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம்.

எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது முத்திரை போட்ட அந்த நகல்களைக் காட்டுங்கள். "இது எந்தத் தேதியில் கொடுத்தது, படியுங்கள் ஐயா" என்று சொல்லுங்கள். மாலையைவிட அந்தக் காகிதம் கனமாக இருக்கும்.

ஒரு காலத்தில் மனுவில் பெருவிரல் மை இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வைத்தவருக்கே தெரியாது. இன்று உங்கள் பெயர் அங்கே இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பதில் வரும் வரை விடாதீர்கள்.