வேற்றுநாட்டுத் தூதரகங்களும் தீக்காப்பும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் அரசு தன் எல்லைக்கு அப்பால் வைத்திருக்கும் கட்டடங்களைத் தீயினின்றும் காப்பது எங்ஙனம் என்பதே யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இஃது எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். பகைவனைத் தடுக்க இட்ட பூட்டே உள்ளிருப்பவனுக்குச் சிறையாகிவிடும் இடர் இப்பொருளினுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின் வீடும் கதவும் உடைய எவர்க்கும் இஃது உரியதேயாம்.

அமெரிக்க அரசையே சான்றாகக் கொள்வோம். உலகெங்கும் ஏறத்தாழ 270 இடங்களில் அதற்குத் தூதரகங்களும் துணைத்தூதரகங்களும் உள. அவற்றைச் சார்ந்து அலுவலர் குடியிருக்கும் வீடுகளும் பண்டகசாலைகளும் உள. இவை அனைத்தையும் கட்டிப் பேணுதற்கென்று அந்நாட்டு வெளியுறவுத் துறையில் ஒரு தனிப் பிரிவு உண்டு. தீக்காப்பில் வல்ல பொறியாளர் அதில் அமர்ந்து, நாடுதோறும் சென்று கட்டடங்களைப் பார்வையிடுகின்றனர். ஓரிடத்தில் மின்கம்பி பழையது. ஓரிடத்தில் குழாயில் நீர் வரும் வேளை அறியவொண்ணாது. மற்றோரிடத்தில் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கூரை விழுந்துவிடும். ஊருக்கு ஊர் நிலைமை இவ்வாறு வேறுபடுதலின், தலைநகரில் எழுதிய ஒரே விதி எங்கும் தானே நடைபெறுவதில்லை.

இவையெல்லாம் சிறு தொல்லைகளே. பெருந்தொல்லை சட்டத்தினின்றும் பிறக்கின்றது. 1961-ஆம் ஆண்டில் வியன்னாவில் செய்துகொண்ட தூதர் உறவு உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, தூதரகத்தின் தலைவர் இசைந்தாலன்றி அந்நாட்டு அரசின் ஆட்கள் எவரும் உள்ளே புகலாகாது என்று விதிக்கின்றது. தீ போன்ற பேரிடருக்கேனும் விலக்களிக்க வேண்டும் என்ற கருத்தும் அந்நாளில் எழுந்தது; ஆயினும் ஏற்கப்படவில்லை. விலக்கு என்னும் வாயிலால் வேவுகாரர் நுழைவர் என்பதே அச்சம்.

துணைத்தூதரகங்கட்கு 1963-ஆம் ஆண்டில் வேறோர் உடன்படிக்கை செய்தனர். அதன் 31-ஆம் பிரிவில், தீயோ அதனையொத்த வேறு இடரோ நேர்ந்து உடனே காக்கவேண்டிவரின், தலைவரின் இசைவு உள்ளதாகவே கொள்ளலாம் என்று ஒரு தொடரைச் சேர்த்தனர். சட்டம் வகுப்போருக்கும் ஒரோவழி நெஞ்சம் இளகும் போலும்! இவ்வேறுபாட்டினால் விளைவது யாது? சென்னை அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் தீப்பற்றின், தலைவர் சொல்லுக்குக் காத்திராமலே நம் ஊர்த் தீயணைப்போர் உள்ளே செல்லச் சட்டம் இடந்தருகின்றது. புதுதில்லியிலுள்ள தூதரகத்திலோ, தலைவர் வாய்திறந்து வருக என்றல் வேண்டும்.

அச்சம் வீணன்று என்பதற்கு மாஸ்கோ நகரமே சான்று. 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தின் எட்டாம் மாடியில் தீ மூண்டது. 1991-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் மீண்டும் ஒரு முறை மூண்டது. தீயணைப்போர் உடையில் உளவுத் துறையினரும் உள்ளே வந்தனர் என்று அமெரிக்கர் கூறினர். கதவைத் திறந்தால் மறைபொருள் போகும்; திறவாவிடின் உயிர் போகும். இத்தகைய தீர்ப்பைப் புகைநடுவே நின்று ஒருவர் நொடிப்பொழுதில் அளிக்கவேண்டியிருப்பது கொடிது. ஆகவே, தீ பரவாதபடி கட்டடத்தை முன்னரே அமைத்தலும், புகையறி கருவி, நீர்தெளிக்கும் குழாய், தீத்தாங்கும் கதவு ஆகியவற்றை உள்ளேயே வைத்துக்கொள்ளுதலும் தூதரகங்கட்கு இன்றியமையாதன ஆயின. பிறர் உதவி காலத்தே வரும் என்ற நம்பிக்கையில் அங்கே எதனையும் கட்டலாகாது.

இனி, பூட்டின் செய்திக்கு வருவோம். 1979-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், மெக்கா பள்ளிவாசலைப் பற்றிய ஒரு பொய்வதந்தியால் வெகுண்ட கூட்டம் இஸ்லாமாபாதிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திற்குத் தீயிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மேல்மாடியிலிருந்த எஃகுக் கதவுடைய காப்பறையில் புகுந்து பூட்டிக்கொண்டனர். பகைவர் கைக்கு அவ்வறை எட்டவில்லை. கீழே எரிந்த தீயோ எட்டியது. தரை சுட்டது, அதிற் பதித்த ஓடுகள் பெயர்ந்து எழுந்தன, மூச்சு முட்டியது. பல மணிநேரம் சென்று, கூட்டம் கலைந்தபின், கூரைக்குச் செல்லும் சிறு வாயில் வழியே ஏறி உயிர் பிழைத்தனர். அவ்வாயில் மட்டும் இல்லாதிருந்தால்! அன்று தூதரகத்தாருள் இறந்தோர் நால்வர். அவருள் இருவர் அங்கே பணிசெய்த பாகிஸ்தானியர். தூதரகம் என்றால் வெள்ளையர் மட்டுமே இருப்பர் என எண்ணற்க. எழுத்தர், ஓட்டுநர், காவலர், தோட்டக்காரர் எனப் பலர் அவ்வவ்வூர் மக்களே.

முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்து, 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு, லிபியாவின் பெங்காசி நகரிலும் இதுவே நேர்ந்தது. தாக்க வந்தோர் டீசலை ஊற்றிக் கொளுத்தினர். தூதர் கிறிஸ்தோபர் ஸ்டீவன்சும் அலுவலர் ஷான் சுமித்தும் கம்பிக்கதவிட்ட காப்பிடத்தினுள் இருந்தனர். உடனிருந்த காவலர் திறந்து வெளியேறக்கூடிய சாளரமொன்றின் வழியே வந்துவிட்டார்; மற்ற இருவரும் பின்தொடரவில்லை. அவர் பலமுறை உள்ளே சென்று தேடியும் புகையில் அவர்களைக் காணவில்லை. இருவரும் புகையாலேயே மாண்டனர். பின்னர் ஆராய்ந்த குழு, இத்தகைய காப்பிடங்களில் போதிய தீக்காப்புக் கருவிகள் வைத்தல் வேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பரில் பரிந்துரைத்தது. அதற்கு ஓர் இஸ்லாமாபாது போதாதிருந்ததே என்று என் மனம் வருந்துகின்றது.

வெடிகுண்டுக்கு அஞ்சி மதிலைத் தெருவினின்றும் தள்ளிக் கட்டுகின்றனர். 1999-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று புதிய தூதரகக் கட்டடத்திற்கும் எல்லைச் சுவருக்கும் இடையே 100 அடி வேண்டும் என்று அன்று விதித்தது. அக்காவல் வேண்டுவதே. ஆயின், பகைவனின் வண்டியை மறிக்கும் வாயிற்றடை தீயணைப்பு வண்டியையும் மறிக்கும். அதனைத் தாழ்த்தும் பொறுப்பு நள்ளிரவில் எவருக்குரியது, சாளரக் கம்பியின் உட்கொக்கி துருப்பிடியாமல் உள்ளதா, ஒளியின்றித் தடவியே அதனைத் திறக்கப் புதிதாய் வந்த எழுத்தருக்கும் தெரியுமா என்பனவற்றைப் பார்வையிடச் செல்வோர் நேரில் நின்று சோதித்தல் வேண்டும். ஏட்டிற் குறித்து வைத்தமையால் கொக்கி திறவாது. அவ்வூர்த் தீயணைப்போரை அமைதியான நாளிலேயே அழைத்து, வாயில் எது, நீர்த்தொட்டி எது என்று காட்டி வைப்பதும் நன்று. அன்று புகத்தகாத அறைகளைப் பூட்டியே வைத்திருக்கலாம்.