பெயரில்லாத சிக்னல் கேபின்

ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் கையில் இருப்பது பொம்மை ரயிலுக்கான சிக்னல் கேபின். பெயர், முத்திரை எதுவும் கிடையாது. 1961-ல், எனக்குப் பன்னிரண்டு வயதில், அண்ணா இதைக் கொடுத்து, "அப்பா உனக்காக வாங்கி வைத்தது" என்றார். அப்பா 1953-ல் காலமானபோது எனக்கு நாலு வயசு. அவர் முகம்கூட ஞாபகமில்லை. ஆகவே இதைப் பூஜைப் பொருள் மாதிரி காப்பாற்றி வந்தேன்.

சென்ற வருஷம் அண்ணாவும் போய்விட்டார். அப்புறம் ஒரு நாள் பேரன், "எந்தக் கம்பெனி, தாத்தா?" என்று கேட்டான். பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் படித்தவன் சும்மா இருப்பேனா?

முதலில் கதவை அளந்தேன். 26 மில்லிமீட்டர். 76-ஆல் பெருக்கினால் நிஜக் கதவு ஆறரை அடி, சரியான உயரம். ஐரோப்பிய ஹெச்.ஓ. அளவான 87-ஆல் பெருக்கினால் ஏழரை அடிக்குப் பக்கத்தில் வருகிறது. அத்தனை உயரக் கதவு கேபினுக்கு எதற்கு? ஆகவே பிரிட்டிஷ் டபிள்-ஓ அளவு.

காந்தம் ஒட்டவில்லை, தகரம் இல்லை. கழன்றிருந்த படிக்கட்டைத் தண்ணீரில் போட்டேன், மூழ்கியது. உப்பைக் கரையும் மட்டும் கரைத்து அதில் போட்டேன், மிதந்தது. (சமையலறையில் உப்பு டப்பா காலியானதற்கு அர்ச்சனை தனி.) செல்லுலாய்டும் பேக்கலைட்டும் அந்த உப்புநீரிலும் மூழ்கும். இது பாலிஸ்டைரீன். பொம்மைகளில் அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

பலகைச் சுவர், நாற்புறமும் சரியும் கூரை. இங்கிலாந்தில் ஓக்கம் ஊர் ரயில்வே கேட் அருகே 1899-ல் கட்டிய சிக்னல் கேபினின் படத்தோடு அப்படியே பொருந்தியது. அதைப் பார்த்து ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, துண்டுகளை ஒட்டிச் செய்யும் பொம்மையாக வெளியிட்டது. அந்த ரயில்வே வரிசையே 1950-களின் பிற்பகுதியில் வந்ததுதான். பிற்பாடு, 1980-களில், அச்சுகள் டபோல் கம்பெனியிடம் போயின. என்னுடையதோ 1961-லேயே வீட்டில் இருந்தது.

அப்படியானால் அப்பா வாங்கியிருக்க முடியாது. 1960-ல் ஆபீஸ் பயிற்சிக்காக ஆறு மாதம் இங்கிலாந்து போய் வந்தவர் அண்ணா.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தயங்கி, மன்னிக்கு ஃபோன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ராத்திரி உட்கார்ந்து ஒட்டினேன்னு கல்யாணமான புதுசுலேயே எங்கிட்ட சொல்லியிருக்கார். ஒரு ஜன்னல் கோணலாப் போச்சாம். உங்களுக்கு இப்பதான் தெரியுமா?"

இதோ, இந்த இரண்டாவது ஜன்னல். பாருங்கள்.