புகை அடிக்க அடிக்கத் தேறும் கொசு
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

மாதாமாதம் காம்பவுண்டுக்குள் புகை மருந்து அடிக்க ஒப்பந்தம் போடலாமா என்பது இன்றைய அஜெண்டாவில் மூன்றாவது. ஓட்டுப் போடும் முன் பேசப் பத்து நிமிஷம் கேட்டிருந்தேன். செயலாளர் ஐந்து கொடுத்திருக்கிறார்.

2000-2001இல் அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தது சிலருக்கு நினைவிருக்கும். எங்கள் கிளையில் சீனியர்கள் வரிசையாகப் போனார்கள், சராசரி வயது சட்டென்று இறங்கியது. அதற்காக யாருக்காவது வயது குறைந்ததா? போனவர் யார், இருந்தவர் யார் என்பதுதான் மாறியது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வும் இந்தக் கணக்குதான். ஒரே வித்தியாசம், அங்கே மிஞ்சியவை தம்மைப் போலவே குட்டி போடும்.

கொசு மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறோம். தனிக் கொசு எதுவும் பழகுவதில்லை. ஆயிரம் கொசுவில் பத்து, பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் என்று வையுங்கள். மீதி 990இல் பத்துக்கு ஒன்று தப்பிக்கும். முதல் புகையில் பிழைப்பவை 109. வாரிசுகள் தாயைப் போலவே பிறந்து, தொகை மறுபடி ஆயிரமானால், இரண்டாம் தலைமுறையில் பிழைப்பவை 183. மூன்றாவதில் 552. நான்காவதில் 919. இது என் நோட்டுக் கணக்குதான், நிஜக் கொசுவின் பரம்பரை இதைவிடச் சிக்கலானது. ஆனால் போகும் திசை இதுதான். நமக்குத் தலைமுறை என்றால் இருபத்தைந்து வருஷம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு, நம் வெயிலில் பத்து நாள் போதும்.

அந்த எண்களில் ஏற்றத்தைப் பாருங்கள். முதலில் 74, அடுத்து 369. இதற்கு 1930இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயர் விதி சொன்னார். (பி.காமில் குறியீட்டெண்ணுக்குப் படித்த ஃபிஷர் வேறு ஆள், அவர் இர்விங்.) ஒரு கூட்டத்தின் சராசரித் தகுதி ஏறும் வேகம், அந்தக் கூட்டத்துக்குள் பரம்பரையாக வரும் தகுதி வித்தியாசத்தைப் பொறுத்தது. இரண்டு வகையும் கணிசமாகக் கலந்திருந்தால் பாய்ச்சல். எல்லாம் ஒரே மாதிரி என்றால் ஏற்றமே இல்லை. தகுதி என்றால் இங்கே பலம் அல்ல, பிழைத்து வாரிசு விடுவது. அதுவும் அந்தச் சூழ்நிலைக்கு மட்டும். புகை இல்லாத இடத்தில் அதே குணம் வீண் சுமையாகவும் ஆகலாம்.

நம் நாடே இதைப் பார்த்திருக்கிறது. 1953இல் டி.டி.டி. தெளித்து மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1961இல் நோயாளிகள் சுமார் 50,000 பேர்தான். 1976இல் 64 லட்சம். பணத் தட்டுப்பாடு, மேற்பார்வைத் தளர்ச்சி என்று காரணம் பல உண்டு. டி.டி.டி.யைத் தாங்கும் கொசு அதில் முக்கியமான ஒன்று.

மாடி வீட்டு சார் போன வாரம் கேட்டார், “சம்ப்பை மூடினால் அதற்கும் ஒரு கொசு தேறி வராதா?” நல்ல கேள்வி. இடைவெளியே இல்லாத மூடிக்குள் நுழையும் கொசு என்று எந்த வகையும் இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. வேறு தண்ணீர் தேடும், உண்மை. தேடட்டும், நாம்தான் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. தண்ணீர் வரும் நாள் பார்த்து டிரம்மில் பிடித்து வைக்கிற ஊர் நம்முடையது. டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். புகை அந்த முட்டையையும் தொடாது, புழுவையும் தொடாது.

டெங்கு கேஸ் வந்து மாநகராட்சி புகை அடித்தால் தடுக்காதீர்கள், அது அவசரத்துக்கு. நான் எதிர்ப்பது மாதாந்திர ஒப்பந்தத்தை. ஐந்து சம்ப் மூடிக்கும் மாடித் தொட்டி வலைக்கும் கொத்தனார் சொன்ன தொகையை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். புகை கம்பெனியின் வருஷத் தொகையும் பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.